ராத்திரிக் கெண்டைக்கால் பிடிப்பு: எனக்கு எது கேட்டது

துணிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி புடவை விரித்துக் காட்டும் வேலை எனக்கு. விற்பனை ஆட்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத்தையே திருத்தினார்கள், எங்கள் மாடியிலும் ஸ்டூல் கிடக்கிறது, ஆனால் முகூர்த்த நாளில் அதில் உட்கார யாருக்கு நேரம்? ஐம்பதைத் தாண்டியதும் நடுராத்திரியில் கெண்டைக்கால் சதை உருண்டு திரண்டு இழுத்துப் பிடிக்க ஆரம்பித்தது. ஓரிரு நிமிடத்தில் விட்டுவிடும், ஆனால் மறுநாளும் அந்தக் காலைக் கெந்தித்தான் வைக்க வேண்டியிருக்கும்.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். வாழைப்பழம், இளநீர், அப்புறம் மக்னீசியம் மாத்திரை. அதை வாங்கிப் போட்டதில் வயிறு இளகியதுதான் மிச்சம். வயதானவர்களுக்கு வரும் பிடிப்புக்கு மக்னீசியம் பெரிதாக உதவாது என்றுதான் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அறிக்கையும் சொல்கிறது. கடையில் ஒருவர் மலேரியா மருந்தான குவினைனைப் போடுங்கள் என்றார். டாக்டரம்மாவிடம் கேட்டேன், அந்தப் பக்கமே போகாதீங்க, ரத்தத் தட்டணு இறங்கும், இதயத் துடிப்பு தாறுமாறாகும் என்று ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

அவர் முதலில் கேட்டது, என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க என்பதுதான். சட்டைப்பையில் இருந்த பிரஷர் மாத்திரை அட்டையைக் கொடுத்தேன். திருப்பிப் பார்த்து, பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினார்: ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 மி.கி. உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றுகிற மருந்து. கொலஸ்ட்ரால் மாத்திரை உண்டா, ஆஸ்துமா இன்ஹேலர் உண்டா, நடந்தால் வலித்து நின்றால் விடுகிறதா (அது ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாமாம்) என்றெல்லாம் கேட்டுவிட்டு, புறங்காலில் நாடியை விரல் வைத்துப் பார்த்தார். ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை, கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கானது), கால்சியம், தைராய்டு எல்லாம் சரியாகவே இருந்தன, பொட்டாசியம் மட்டும் 3.4. குறைந்தது 3.5 இருக்க வேண்டும்.

"இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாதுங்க, நிறைய பேருக்குக் காரணமே பிடிபடாது, மாத்திப் பார்ப்போம்" என்று நீர் பிரிக்கும் மருந்தை எடுத்துவிட்டு வேறு பிரஷர் மாத்திரை எழுதினார். அட்டையைப் பார்த்துவிட்டு நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், பிரஷர் ஏறினால் வேறு வம்பு.

கூடவே ஒரு பயிற்சி சொன்னார். படுக்கப் போகும் முன் சுவரிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி நின்று, உள்ளங்கை இரண்டையும் சுவரில் ஊன்றி, குதிகால் தரையை விட்டு எழும்பாமல் முன்னால் சாய வேண்டும். கெண்டைக்கால் நன்றாக இழுபடுவது தெரியும். அப்படியே அரை நிமிடம், மூன்று தடவை. இலவசம் என்பதாலோ என்னவோ இதை யாருமே எனக்குச் சொல்லவில்லை. மாத்திரை மாற்றியது கேட்டதா இது கேட்டதா என்று பிரித்துச் சொல்லத் தெரியாது, ஆனால் தூக்கம் கலைவது வெகுவாகக் குறைந்துவிட்டது. தீபாவளி நெருக்கத்தில் மட்டும் எப்போதாவது பிடிக்கும். அப்போது கால் விரல்களைக் கையால் பிடித்து முழங்காலை நோக்கி இழுத்தால், அல்லது எழுந்து குதிகாலை அழுத்தி நின்றால் சட்டென்று விட்டுவிடும். தைலம் தேடி ஓடுவதைவிட இது வேகம்.

ஒரு கால் மட்டும் வீங்கி, சிவந்து, சூடாக இருந்து, வலி விடாமல் இருந்தால் அது இந்தப் பிடிப்பு அல்ல, ரத்தம் உறைந்திருக்கலாம். நீவி விட்டுக்கொண்டு உட்காராமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.