காணிக்கை எண்ணுகிறவளின் நாட்குறிப்பு

ஏப்ரல் 21, 2024, ஞாயிறு

ஆராதனை முடிந்து காணிக்கை எண்ணினோம். எங்கள் சபையில் இரண்டு பேர் சேர்ந்துதான் எண்ண வேண்டும், இருவரும் ஒரே வீட்டாராக இருக்கக் கூடாது. பதினாறு வருஷமாக அதில் ஒருத்தி நான். எதிரே உட்காருகிறவர்கள்தான் மாறிக்கொண்டிருக்கிறார்கள்.

காப்பி மேசையில் ஒரே பேச்சு. செவ்வாய்க்கிழமை சார்லட் நகரத்தில், எங்கள் சபை சேர்ந்திருக்கிற யுனைடெட் மெதடிஸ்ட் திருச்சபையின் பொது மாநாடு தொடங்குகிறது. 2020-இல் நடந்திருக்க வேண்டியது, கொரோனாவால் தள்ளித் தள்ளி இப்போதுதான் கூடுகிறது. தன்பாலீர்ப்பு கிறிஸ்தவப் போதனைக்கு ஒவ்வாதது என்று 1972-இல் சட்டப் புத்தகத்தில் ஏறிய வரியை இந்த முறையாவது எடுப்பார்களா என்று ஆளுக்கொரு கணக்குப் போட்டார்கள். நான் பாஸ்டரம்மாவை நினைத்துக்கொண்டு கோப்பைகளைக் கழுவினேன்.

பாஸ்டரம்மா என்பது நான் வைத்த பெயர். திருநெல்வேலி சீமைக் கிறிஸ்தவர்களுக்கு ஐயர் என்றால் சபைக் குருவானவர், ஐயரம்மா என்றால் அவர் மனைவி. (வேறு ஐயர் இல்லை. கல்லூரியில் இதை விளக்கியே எனக்கு வாய் வலித்திருக்கிறது.) பென்சில்வேனியாவுக்கு வந்து ஒரு பெண்ணே பீடத்தில் நின்று திருவிருந்து கொடுத்ததைப் பார்த்தபோது அவரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. நேரில் பாஸ்டர், மனசுக்குள் பாஸ்டரம்மா.

ஏப்ரல் 23, செவ்வாய்

நடந்ததை எழுதி வைக்கிறேன்.

2014 மே மாதம் பென்சில்வேனியாவில் ஒருபால் திருமணம் செல்லும் என்று நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அந்த வருஷக் கடைசியில் எங்கள் ஆர்கன் வாசிப்பவருக்கும் இருபத்திரண்டு வருஷமாக அவரோடு வாழ்ந்தவருக்கும் பாஸ்டரம்மா திருமணம் நடத்தி வைத்தார். கோயிலுக்குள் அல்ல, ஏரிக்கரைப் பூங்காவில். நானும் போயிருந்தேன். பாட்டியின் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு குளிரில் நடுங்கினேன்.

சபைச் சட்டப்படி அப்போது அது குற்றம். ஒருவர் புகார் எழுதிப் போட்டார். விசாரணை வரை போகாமல் பேசித் தீர்த்தார்கள். ஆகவே அவரைத் தண்டித்தது சபைச் சட்டம் என்று சொல்ல முடியாது. தண்டித்தது நாங்கள்.

எங்கள் முறையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் எண் போட்ட காணிக்கை உறைகள் உண்டு. அந்தக் குளிர்காலத்தில் உறைகள் இளைக்கத் தொடங்கின. முதலில் 47-ஆம் எண், பிறகு அதைச் சுற்றியிருந்தவர்கள். சிலர் வெறும் உறையை ஒட்டிப் போட்டார்கள். ஒருவர் உள்ளே துண்டுச் சீட்டு வைத்திருந்தார்: அவர் போகும் வரை. பாஸ்டரின் சம்பளம் சபையின் காணிக்கையிலிருந்துதான் வருகிறது. மருத்துவக் காப்பீட்டுக்கும் பாஸ்டர் குடியிருக்கும் குருமனையின் கணப்புக்கும் அதிலிருந்துதான். யாரும் சத்தம் போடவில்லை, கதவடைப்புச் செய்யவில்லை. வாசலில் கை குலுக்கி, நல்ல பிரசங்கம் பாஸ்டர் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எது வெறும் உறை என்று எனக்கும் எதிரே உட்கார்ந்திருந்தவருக்கும் மட்டும்தான் தெரியும்.

2015 ஜூனில் பாஸ்டரம்மா தானாகவே ஊழியத்திலிருந்து விடுப்பு எழுதிக் கொடுத்தார். இங்கே ஜூலை 1-ஆம் தேதி புது பாஸ்டர் பொறுப்பேற்பார், அதற்குள் குருமனை காலியாக வேண்டும். முப்பது வருஷம் சபை வீடுகளிலேயே இருந்தவருக்குச் சொந்தமாக ஒரு கதவு கிடையாது. விடுப்பில் போனால் சம்பளம் நிற்கும், ஓய்வூதியத்துக்குப் போகும் பணமும் நிற்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை இன்று எழுதப் போவதில்லை.

ஏப்ரல் 24, புதன்

இரவு மாநாட்டை நேரலையில் கொஞ்சம் பார்த்தேன். ஒழுங்குப் பிரச்சினை, திருத்தத்துக்குத் திருத்தம். தூக்கம் வந்துவிட்டது.

இந்த மாநிலத்தில் இதைப் பேசினால் ஃபிராங்க் ஷேஃபர் பெயர் வராமல் இருக்காது. லெபனான் ஊருக்குப் பக்கத்தில் அயோனா என்ற சிற்றூரின் பாஸ்டர். 2007-இல் மாசசூசெட்ஸில் தன் மகனுக்கு, இன்னொரு ஆணோடு, திருமணம் நடத்தி வைத்தார். புகார் கொடுக்க ஆறு வருஷக் கெடு. அது முடியும் தறுவாயில், 2013 வசந்தத்தில், புகார் வந்தது. நவம்பரில் ஸ்பிரிங் சிட்டிக்கு அருகே சபையின் முகாம் ஒன்றில் விசாரணை. முப்பது நாள் தருகிறோம், சட்டப் புத்தகம் முழுவதற்கும் கீழ்ப்படிய முடியாதென்றால் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றார்கள். அவர் இரண்டையும் செய்யவில்லை. டிசம்பர் 19-ஆம் தேதி குருப்பட்டத்தைப் பறித்தார்கள். மறு வருஷம் ஜூனில் மேல்முறையீட்டில் திரும்பக் கிடைத்தது. ஒருவர் இனிமேல் செய்யக்கூடியதற்காக இப்போதே தண்டிக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். இழந்த சம்பளத்தையும் கொடுக்கச் சொன்னார்கள்.

அந்த விசாரணைக்குச் சில நாள் முன்னால் ஃபிலடெல்பியாவின் ஆர்ச் ஸ்ட்ரீட் சபையில் முப்பதுக்கும் மேற்பட்ட மெதடிஸ்ட் குருமார்கள் கூடி நின்று ஒரு ஜோடிக்குத் திருமணம் செய்து வைத்தார்கள். யார் நடத்தியது என்று கேட்டால் எல்லோரும். 1999-இல் கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோவிலும் இதே உத்தி, இன்னும் பெரிய கூட்டமாக. ஒருவர் கழுத்தில் விழ வேண்டிய கல்லை அத்தனை பேரும் ஆளுக்குக் கொஞ்சமாகச் சுமந்தார்கள். ஏரிக்கரையில் எங்கள் பாஸ்டரம்மா தனியாக நின்றார். எங்களில் யாருக்கும் இந்த யோசனை தோன்றவில்லை.

ஏப்ரல் 27, சனி

பாளையங்கோட்டையிலிருந்து அக்கா பேசினாள். மாநாட்டு விஷயத்தைச் சொன்னேன். எதிர்பார்த்த மாதிரியே வாங்கிக் கட்டிக்கொண்டேன். "ஏட்டி, அதெல்லாம் வேதத்துக்கு விரோதம். அந்த ஊருக்குப் போயி நீயும் கெட்டுப் போன." சரிக்கா என்றேன். இருபது வருஷமாகச் சரிக்காதான்.

பாஸ்டரம்மா இப்போது ஒரு பல்பொருள் கடையின் ரொட்டிப் பிரிவில் அதிகாலை நாலு மணி வேலைக்குப் போகிறார் என்று சொன்னதும் அவள் குரல் மாறியது. "ஐயர ஆராச்சும் அப்பிடி விடுவாவளா? அம்மையப் பாத்துப் படிக்கலையா நீ?"

எனக்கு எட்டு வயசு. சேகரக் கமிட்டியோடு, அதாவது சபை நிர்வாகக் குழுவோடு, சண்டை வந்து எங்கள் ஐயருக்கு மூன்று மாசம் சம்பளம் நிறுத்தி வைத்தார்கள். என்ன சண்டை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்பா கமிட்டிப் பக்கம். அம்மா பொழுது சாய்ந்ததும் குருமனைப் பின்சுவருக்கு மேலாக ஓலைப்பெட்டியில் அரிசியும் கருவாடும் கொடுத்தனுப்புவாள். தூக்கிக்கொண்டு போவது அக்காவும் நானும். அப்பாவுக்குத் தெரியும், ஆனால் கேட்டதில்லை.

"எத்தன வருசமாச்சு அந்தம்மா போயி?" என்றாள். ஒன்பது என்றேன். அதன் பிறகு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

மே 1, புதன்

காலையில் ஆபீஸில் கைபேசி அதிர்ந்தது. தன்பாலீர்ப்பாளர்கள் குருப்பட்டம் பெறத் தடை நீக்கம். 692-க்கு 51. விவாதமே இல்லை, பல தீர்மானங்களோடு கட்டாகக் கட்டி ஒரே வாக்கெடுப்பில். கட்டாயத் தண்டனைகள் நேற்றே போய்விட்டன. 2019-இல் செயின்ட் லூயிஸில் 438-க்கு 384 என்ற கணக்கில் கொண்டு வந்தவை அவை: திருமணம் நடத்தி வைத்த குருவானவருக்கு, விசாரணையில் குற்றம் உறுதியானால், முதல் தடவை சம்பளமில்லாமல் ஒரு வருஷ நீக்கம், மறு தடவை பட்டம் போகும்.

ஐந்து வருஷத்தில் இத்தனை மாற்றமா என்று வாட்ஸ்அப் குழுவில் அழுகிற முகங்கள், வானவில்கள். எண்ணுகிற பழக்கம் உள்ளவளுக்கு வேறொன்றும் தெரிகிறது. 2019-க்கும் 2023-க்கும் இடையில் அமெரிக்காவில் மட்டும் 7,600-க்கும் மேற்பட்ட சபைகள் விலகிப் போயின, கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. மனம் மாறியவர்கள் உண்டு, மறுக்கவில்லை. எழுந்து போனவர்களும் நிறைய. எங்கள் 47-ஆம் எண்ணும் போன வருஷம் பக்கத்து ஊர்ச் சபைக்குப் போய்விட்டார்.

மே 3, வெள்ளி

நேற்று 1972 வரி போனது, 523-க்கு 161. இன்று, கடைசி நாளில், திருமணம் நடத்தி வைப்பதற்கான தடையும் போனது, 447-க்கு 233. நடத்த விரும்பாத குருவானவரையும் வற்புறுத்த முடியாது.

பாஸ்டரம்மாவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. நாலு மணிக்கு வேலைக்குப் போகிறவர் எட்டு மணிக்கே படுத்துவிடுவார்.

மே 5, ஞாயிறு

கேக் வெட்டினோம். ஆறு நிறம், வாய் கூசுகிற இனிப்பு. ஆர்கன்காரர் ஒரு துண்டைத் தட்டில் வைத்துக்கொண்டு சாப்பிடாமலே நின்றிருந்தார். அவர் 2015-லிருந்து ஒரு ஞாயிறுகூட வாசிப்பை நிறுத்தவில்லை. அது எப்படி முடிந்தது என்று நான் கேட்டதுமில்லை.

நிதிக் குழுவில் கை தூக்கினேன். பழைய பாஸ்டருக்கு நாம் நிறுத்தி வைத்ததை நாமே கொடுத்தால் என்ன என்றேன். அந்த ஏழு மாசத்தில் எவ்வளவு குறைந்தது என்று என் நோட்டில் இருக்கிறது, பைசா சுத்தமாக. அது பழைய கதை, இப்போது குணமாகிற காலம் என்றார் ஒருவர். வாடகை மட்டும் குணமாகாது போலிருக்கிறது. கடைசியில், தனி நிதியாக வைக்கலாம், விருப்பப்பட்டவர்கள் உறைமேல் எழுதிக் கொடுக்கட்டும் என்று முடிவானது. சரிதான். உறையால் செய்தது உறையாலேயே போகட்டும்.

மே 11, சனி

எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டி எடுத்துக்கொண்டு போனேன். அறுபது கிலோமீட்டர். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பாஸ்டரம்மாவின் கைகளில் அடுப்புச் சூடு பட்ட தழும்புகள். நன்றாகச் சாப்பிட்டார். மாநாட்டைப் பற்றிச் சந்தோஷம் என்றார், ஒரே வார்த்தை. பிறகு வறுவலில் என்ன மசாலா என்று கேட்டார்.

ஏப்ரல் 23-இல் எழுதாமல் விட்டதை அவரிடம் சொன்னேன். அவர் எங்களோடு தொடர வேண்டும் என்று பேராயருக்கு ஒரு கடிதம் தயாரானது. எட்டுப் பேர் கொண்ட குழு. என்னிடம் வந்தபோது, பணத்தைக் கையாளுகிறவள் நடுநிலையாக இருக்க வேண்டும் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அன்று அது நியாயமாகக்கூடப் பட்டது. உண்மை என்னவென்றால், அந்த ஊரில் நாங்கள் ஒரே ஒரு தமிழ்க் குடும்பம். உறைகள் என்ன செய்யும் என்று வாரா வாரம் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குப் பயம்.

"கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. ஏழு கையெழுத்து" என்றார் பாஸ்டரம்மா. முகத்தில் கோபமும் இல்லை, மன்னித்துவிட்டேன் என்ற பாவனையும் இல்லை. தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டார்: "கோயில் அடித்தளத்தில் இன்னும் தண்ணீர் கசிகிறதா?"

கசிகிறது என்றேன்.

"என் பெட்டிகள் பதினொன்று அங்கே இருக்கின்றன. புத்தகங்கள். இங்கே இடமில்லை என்று விட்டு வந்தேன். இப்போது ஒரு சுவரைக் காலி செய்திருக்கிறேன்."

ஒன்பது வருஷமாக நான் அந்த அடித்தளத்தில்தான் கிறிஸ்துமஸ் சாமான்களை எடுத்து வைக்கிறேன். பெட்டிகளைப் பார்த்திருக்கிறேன். யாருடையவை என்று யோசித்ததில்லை.

மே 22, புதன்

பெத் ஸ்ட்ரௌடை நேற்று திரும்பக் குருவானவராக ஏற்றுக்கொண்டார்கள். ஃபிலடெல்பியாவின் ஜெர்மன்டவுன் சபையில் உதவிக் குருவாக இருந்தவர். 2003-இல் ஒரு பெண்ணோடு வாழ்வதைப் பிரசங்கத்திலேயே சொன்னார், 2004 டிசம்பரில் பட்டம் போனது. மேல்முறையீட்டில் ஜெயித்து, அதற்கும் மேலே 2005-இல் தோற்றார். இருபது வருஷம். செய்தியை பாஸ்டரம்மாவுக்கு அனுப்பினேன். ஒரு இதயம் வந்தது. நீங்களும் விடுப்பிலிருந்து திரும்பி வரலாமே என்று தட்டச்சு செய்து, அனுப்பாமல் அழித்தேன். எனக்கு நல்லபடியாக முடிய வேண்டும் என்பதற்காக அவர் ஏன் திரும்ப வர வேண்டும்?

தனி நிதியில் இதுவரை 2,340 டாலர். ஓர் உறையில் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை, இருநூறு டாலர் ரொக்கம். எதிரே இருந்தவர் என்னைப் பார்த்தார். நான் இல்லை. நான் என் எண்ணோடுதான் போட்டேன்.

மே 25, சனி

பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனோம். ஆர்கன்காரர், அவர் கணவர், இவர் (என் வீட்டுக்காரர்), நான். இரண்டு கார்கள். கீழ் வரிசையில் இருந்த இரண்டு பெட்டிகள் நனைந்து அடி விட்டிருந்தன. ஒன்றில் கிரேக்க அகராதிகள் பாசி பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. புதுப் பெட்டி வாங்கி மாற்றினோம்.

மூன்று மாடிக்கு முப்பத்தெட்டுப் படி. இவருக்கு முட்டி வலி, இரண்டாவது மாடியில் உட்கார்ந்துவிட்டார். ஆறாவது பெட்டியில் புத்தகம் இல்லை. அங்கிமேல் போடுகிற நீண்ட பட்டைத் துணிகள், பச்சை, ஊதா, வெள்ளை, சிவப்பு. மூலையில் பூச்சி அரித்திருந்தது. பாஸ்டரம்மா வெள்ளைப் பட்டையை உதறி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஏரிக்கரையில் போட்டிருந்தது அதுதான் என்று ஆர்கன்காரர் சொன்னார். இல்லை, அது வேறு, இதில் பூ வேலை இருக்கிறது பார் என்றார் அவர் கணவர். இரண்டு பேரும் அதைப் பற்றி ரொம்ப நேரம் சண்டை போட்டார்கள்.

நான் கீழே இறங்கினேன். இன்னும் ஐந்து பெட்டி இருந்தது.