மூடியில் சிவப்பு நூல்

கொருக்குப்பேட்டைப் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர்மேல் பிறவிச் சந்தேகம் உண்டு. மீஞ்சூரில் நிலத்தடிக்குள் கடல்நீர் ஏறிய கதையைக் கேட்டு வளர்ந்தவள் நான். ஆய்வகத்தில் எது கெட்டாலும் முதலில் வாலைவடிநீரைத்தான் கூண்டில் ஏற்றுவேன். 1998இல் அந்தப் பழக்கம் என்னுடைய இரண்டு வாரங்களைத் தின்றது.

வடசென்னையில் ஒரு சிறிய ஆய்வகம். ரத்த வங்கியில் ஐந்து நாள் கெடு முடிந்த தட்டணு (ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்) பைகளை வாங்கி வந்து, சவ்வைப் பிரித்தெடுத்து, அதில் அட்ரினலின் எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது என்று அளப்பது என் வேலை. தட்டணுக்களின்மேல் ஆல்ஃபா-2 வகை ஏற்பிகள், அதாவது அட்ரினலின் வந்து ஒட்டும் புரதங்கள், உண்டு. கதிரியக்க ஹைட்ரஜனான டிரிட்டியம் ஏற்றிய யோஹிம்பின் என்ற மருந்து அவற்றில் போய் உட்காரும். அட்ரினலினைச் சிறிது சிறிதாகக் கூட்டினால், அதை எழுப்பிவிட்டுத் தான் உட்காரும். வடிதாளில் மிஞ்சிய கதிரியக்கத்தை எண்ண வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வாரம் யோஹிம்பின் வழக்கம்போல் ஒட்டியது. அதுதான் என்னை ஏமாற்றியது. சவ்வு நன்றாக இருக்கிறது என்று நம்பிவிட்டேன். ஆனால் அதை எழுப்ப அட்ரினலினைப் பல மடங்கு ஊற்ற வேண்டியிருந்தது. நீரை மாற்றினேன். மறுபடி வடித்தேன். பலனில்லை. அட்ரினலின் காற்றுப்பட்டால் இளஞ்சிவப்பாகும். சரி, அதுதான் கெட்டது என்று குப்பியையும் குப்பையில் போட்டேன். புதுக் குப்பியிலும் அதே கதை.

எங்கள் பேராசிரியர் தாளைப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: “அம்மா, மக்னீசியம் போட்டீர்களா?”

போட்டிருந்தேன், ஒரு மில்லிமோலார். ஆனால் கடைசியாகச் சவ்வைக் கரைத்தது, தவறுதலாக, ஐந்து மில்லிமோலார் ஈடிடிஏ (உலோக அயனிகளைக் கவ்வும் வேதிப்பொருள்) கலந்த பஃபர் கரைசலில். ஈடிடிஏ உள்ளது, இல்லாதது, இரண்டு புட்டிகளுக்கும் ஒரே நீல மூடி. ஈடிடிஏ மக்னீசியத்தை விழுங்கிக்கொண்டு சும்மா இருந்தது.

பேராசிரியர் அன்று விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். ஹார்மோன் அமர்ந்த ஏற்பி, உள்ளேயிருக்கும், சேதியைச் செல்லுக்குள் கடத்தும் ஜி புரதத்தைப் பிடித்து, அதனிடமுள்ள குவனோசின் டைபாஸ்பேட்டைக் கீழே போட வைக்கும். (சுருக்கிச் சொன்னால் டை, டிரை இரண்டும் தமிழில் ஜிடிபி ஆகிவிடும், அதனால்தான் இந்த நீளம்.) கை காலியான புரதம் ஏற்பியோடு சேர்ந்திருக்கும் அந்தச் சிறு பொழுதில்தான் ஹார்மோன் மிக இறுக்கமாகப் பிடிபடும். அந்தக் கூட்டு நிலைக்க மக்னீசியம் வேண்டும். குவனோசின் டிரைபாஸ்பேட் வந்ததும் புரதம் பிரிந்து சேதியோடு கிளம்பிவிடும். ஏற்பியின் பிடியும் தளரும். உயிருள்ள செல்லுக்குள் அந்த டிரைபாஸ்பேட் தாராளம். கழுவிய சவ்வில் கிடையாது, ஆகவே பிடி விடாமல் நிற்கும். இத்தனை நாள் நான் ‘இயல்பு’ என்று குறித்துவந்தது, பாதி வழியில் உறைந்துபோன ஒரு கணம்.

அமெரிக்க ஆய்வாளர் ரோட்பெல்லின் குழுவினர் 1971இல் எலியின் ஈரல் சவ்விலிருந்து குளுக்ககான் என்ற ஹார்மோன் கழன்று விழுவதைக் கண்டபோது, அதைச் செய்வது செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி என்றே முதலில் நினைத்தார்கள். அந்த ஏடிபியில் கலப்படமாக இருந்த குவனோசின் வகைதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. இந்த ஜி புரதத்துக்காக 1994இல் கில்மனோடு ரோட்பெல்லுக்கு நோபல் பரிசு கிடைத்தது. புட்டியைச் சந்தேகித்தவருக்குப் பரிசு, எனக்கு வசவு.

தண்ணீர்மேல் வைத்த சந்தேகம் முழு மடமை அன்று. சோடியமும் இந்த ஏற்பியில் அட்ரினலினின் பிடியைத் தளர்த்தும். 2012இல் இதே குடும்பத்து அடினோசின் ஏற்பியின் உட்குழியில் ஒரு சோடியம் அயனி உட்கார்ந்திருப்பதைப் படிக அமைப்பிலேயே பார்த்துவிட்டார்கள். ஆனால் அதற்கு நிறைய உப்பு வேண்டும். எங்கள் வாலைவடிநீரில் அவ்வளவு உப்பு எங்கே இருக்கப்போகிறது?

ஈடிடிஏ புட்டியின் மூடியில் சிவப்பு நூல் கட்டினேன். குப்பையில் போட்ட குப்பிக்குக் கணக்கு எழுத வேண்டியிருந்தது. ‘நிறம் மாறியது’ என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டேன். மாறவில்லை.