சருவத்தோட படி ஏற முடியுமா?

மேசை போதாமல் இரண்டு பெஞ்சை இழுத்துப் போட்டுத்தான் அந்தப் படத்தை விரித்தோம். சுருட்டிக் கொண்டுவந்த தாள். ஓரங்கள் எழும்பிக்கொண்டே இருந்தன, நாலு மூலைக்கும் நாலு டீ கிளாஸ் வைத்தோம். எங்கள் கல்லூரி வளாகம் முழுக்க அதில் இருந்தது. வகுப்புக் கட்டிடம், ஒர்க்‌ஷாப், ஹாஸ்டல், மைதானம், கிணறு, பெரிய மரங்கள்கூட ஒன்றுவிடாமல். அதன்மேல் நீலம், பச்சை, சிவப்பு என்று மூன்று கோடுகள். வரப்போகும் இரண்டாவது ரயில் பாதை இந்த மூன்றில் ஒன்றின் வழியாகத்தான் வளாகத்தைக் கடக்கும். எது வேண்டும் என்று கல்லூரி எழுதிக் கொடுக்க வேண்டும்.

கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் தாலுகாவில் இருக்கிற கல்லூரி. ஒக்கி புயல் அடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. விழுந்த மரங்களின் மூடுகள் அப்போதும் அங்கங்கே தோண்டப்படாமல் கிடந்தன. நான் சிவில் துறையில் சர்வே பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அதனால் கோடுகளைப் படித்து மற்றவர்களுக்கு விளக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

பாதையே வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. 1956-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்த இந்த மாவட்டத்துக்கு ரயில் வந்தது 1979-இல்தான், அதுவும் திருவனந்தபுரம் பக்கமிருந்து. நாகர்கோவிலில் இருந்து திருநெல்வேலிக்குப் பாதை திறந்தது 1981-இல். அப்போது வரை எங்களுக்கு ஒற்றைப் பாதைதான். எதிர் வண்டிக்காக இரணியலிலோ குழித்துறையிலோ அரை மணி நேரம் காத்துக் கிடக்காத ஆள் எங்கள் கூட்டத்தில் இல்லை. ஆனால் இங்கே நிலம் சென்ட் கணக்கு. ஏலா என்கிற வயல்வெளியை ஒட்டிக் குளம், குளத்தை ஒட்டிச் சானல், சானலை ஒட்டி விளை என்கிற தோப்பு, விளைக்குள் வீடு. கோட்டை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் அது ஒருவரின் வாழ்க்கைமேல்தான் போய் விழும்.

பழைய பாதைக்கு மேற்கே வகுப்புகளும் ஒர்க்‌ஷாப்பும். கிழக்கே, பிறகு வாங்கிய நிலத்தில் ஹாஸ்டலும் மைதானமும். நீலக் கோடு பழைய பாதையை மேற்கே ஒட்டிப் போனது. ஒர்க்‌ஷாப்பும் கிணறும் போய்விடும். பச்சைக் கோடு கிழக்கே ஒட்டிப் போனது. மைதானத்தில் ஒரு கீற்றும் அதன் ஓரத்து அயனி மரங்களும் போகும். சிவப்புக் கோடு எதையும் ஒட்டவில்லை. பழைய பாதை வளைந்து ஒரு மேட்டுக்குள் நுழைகிற இடத்தில் அந்த வளைவை நிமிர்த்தி, வகுப்புக் கட்டிடத்துக்கும் நூலகத்துக்கும் நடுவே போனது.

நான் சிவப்புக் கோட்டுக்காகப் பேசினேன். மனதாரத்தான் பேசினேன். 1750-ஐ டிகிரியால் வகுத்தால் வளைவின் ஆரம் மீட்டரில் வரும் என்று வருடா வருடம் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவன் நான். பழைய வளைவு மூன்று டிகிரி, அதாவது ஆரம் 583 மீட்டர். வெளிப்பக்கத் தண்டவாளத்தை 75 மில்லிமீட்டர் உயர்த்தி, வேகத்துக்குத் தேவையான உயரத்தில் இன்னும் அதே அளவு குறைவதையும் பொறுத்துக்கொண்டால், அதில் மணிக்கு 80 கிலோமீட்டர் வரை போகலாம். சிவப்புக் கோட்டில் வளைவு இரண்டு டிகிரி, வேகம் 97. ஒரு தடவை போடும் பாதை நூறு வருடம் இருக்கும், அதை வளைத்துப் போடுவது பாவம் என்றுகூடச் சொன்னேன். வந்திருந்த சர்வே இன்ஜினியர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்குப் பிடித்திருந்தது.

எதிர்த்தவர் இயற்பியல் டீச்சர். அன்று மாலை கூட்டம் முடிந்ததும், "சார், ஒரு பத்து நிமிஷம் லேபுக்கு வாருங்க" என்று கூட்டிப்போனார். இருட்டறையில் மைக்கேல்சன் இன்டர்பெரோமீட்டரைச் சரிசெய்து வைத்திருந்தார். ஒளி அலைகளைக் கொண்டு மிக நுணுக்கமான அசைவையும் காட்டிவிடும் கருவி அது. சோடியம் விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில், கண்ணை வைத்துப் பார்த்தால் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள், குளத்தில் கல் போட்டது மாதிரி, ஆனால் அசையாமல். "இப்படியே பாத்துக்கிட்டு இருங்க" என்றார். கொஞ்ச நேரத்தில் வட்டங்கள் மெல்ல நடுங்கத் தொடங்கின. பிறகு கலைந்து, வெறும் மஞ்சளாகப் பரவிவிட்டன. அதற்கப்புறம்தான் வண்டியின் சத்தம் என் காதில் விழுந்தது. "இது இப்போ பாதை இருக்கிற தூரத்துல. நீங்க சொல்லுகது இந்தச் சுவருக்குப் பின்னால" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அன்றிரவு உட்கார்ந்து, பல்கலைக்கழகங்களுக்கு நடுவே ரயில் விட்ட மற்ற ஊர்களில் என்ன செய்தார்கள் என்று தேடினேன். அமெரிக்காவில் மினியாபோலிஸையும் செயின்ட் பாலையும் இணைக்கும் கிரீன் லைன், மினசோட்டா பல்கலைக்கழக வளாகத்தின் நடுவே வாஷிங்டன் அவென்யூ என்ற தெருவில் போகிறது. 2014 ஜூனில் ஓடத் தொடங்கியது. அதற்குமுன் பல வருட வாக்குவாதம். தெருவுக்கு அடியில் சுரங்கமாகப் போகட்டும் என்று பல்கலைக்கழகம் கேட்டது. செலவு மிஞ்சியதால் கைவிடப்பட்டது. வளாகத்தின் வடக்கே சுற்றிப் போகட்டும் என்றது; அதுவும் நடக்கவில்லை. ஆய்வுக்கூடங்களில் அதிர்வும் மின்காந்த இடையூறும் வரும் என்று நீதிமன்றம் வரை போய், 2010-இல் உடன்பாட்டுக்கு வந்தார்கள். சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு அடியில் பாதை சுரங்கமாகவே போகிறது. அங்கே அதிர்வும் காந்தப்புலமும் இந்த அளவைத் தாண்டக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்ட பிறகுதான் பாதைக்கு இடம் கொடுத்தார்கள்.

அதெல்லாம் நகரத்துக்குள் ஓடும் இலகு ரயில், நம்முடையது எக்ஸ்பிரஸும் சரக்கு வண்டியும் போகிற பாதை. அப்படியே கொண்டுவந்து பொருத்த முடியாது. ஆனாலும் மினசோட்டாவில் ஒரு விஷயம் என் கண்ணில் பட்டு, அங்கேயே நின்றுவிட்டது. வளாகத்துக்குள் போகும் பகுதியில் அந்தத் தெருவிலிருந்து கார்களையே எடுத்துவிட்டார்கள். ரயில், பஸ், சைக்கிள், நடக்கிறவர்கள், அவ்வளவுதான். பாதையைப் போட்டபோதே அங்கே யார் நடப்பார்கள் என்பதையும் சேர்த்து முடிவு செய்திருக்கிறார்கள். எங்கள் படத்தில் நடக்கிறவர்கள் எங்கே?

மறுநாள் காலை போய்ப் படத்தை மறுபடி விரித்தேன். மரம் மரமாகக் குறித்திருந்த அந்தத் தாளில், பஸ் ஸ்டாப்பில் இறங்கி, எங்கள் முன்கேட்டில் நுழைந்து, வளாகத்தைத் தாண்டி, தண்டவாளத்தைக் கடந்து, பின்கேட் வழியாகப் பின்னாலுள்ள ஊருக்குப் போகும் ஒற்றையடிப் பாதை இல்லவே இல்லை. தினமும் நானே அதில் நடந்திருக்கிறேன். எனக்கும் அது தோன்றவில்லை.

தண்டவாளத்தைக் கடக்க அங்கே ஒருநாளும் ரயில்வே கேட் கிடையாது. தண்டவாளத்தை அப்படிக் கடப்பது சட்டப்படி குற்றம் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் கடக்கிறார்கள், வேறு வழி இரண்டு கிலோமீட்டர் சுற்று. ஒற்றைப் பாதையில் ரெண்டு பக்கமும் பார்த்துக் கடந்துவிடலாம். இரண்டு பாதை வந்தால் கதை வேறு. ஒரு வண்டி முன்னால் போய் முடிந்ததும் கால் தானாக எடுத்து வைக்கும். அந்த வண்டியின் மறைவில் எதிர்ப்பக்கம் இன்னொன்று வருவது தெரியாது, அதன் சத்தமும் முதல் வண்டியின் சத்தத்துக்குள் அடங்கிவிடும். இதை நினைத்த பிறகு எனக்கு வளைவு, வேகம் எதுவும் ஓடவில்லை.

மூன்றாம் வருடப் பிள்ளைகள் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு மூன்று நாள், காலை ஆறிலிருந்து மாலை ஏழு வரை பின்கேட்டில் உட்கார்ந்து ஆள் எண்ணினோம். எங்கள் மாணவர்கள்தான் அதிகம் இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். காலை எட்டு மணி வரை அப்படி இல்லை. பால் சொசைட்டிக்குத் தூக்கு வாளியோடு போகிறவர்கள், ரப்பர் வெட்டப் போகிறவர்கள், கத்தியைப் பையில் சுற்றிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஒரு வயதானவரைக் கைபிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் மருமகள். ஏழு மணி தாண்டியதும் முட்டம் பக்கமிருந்து மீன் கொண்டுவரும் அம்மா, தலையில் அலுமினியச் சருவத்தோடு வந்தார்.

"என்ன மக்களே, ஆளு எண்ணுதியளா?"

"ஆமாம்மா. இதுல ரெண்டாவது லைன் வருது. மேல பாலம் போட்டா படி ஏறிப் போவியளா?"

சருவத்தை இறக்காமலேயே நின்று யோசித்தார். "சருவத்தோட படி ஏற முடியுமா மக்களே? ஏறக்கூட ஏறிருவேன். எறங்குகதுதான். தலையில பாரம் இருந்தா குனிய முடியாதுல்லா, கீழ படி தெரியாது."

எத்தனையோ வருடம் படிக்கட்டு வரையச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் உள்ள அந்த வித்தியாசத்தை அன்றைக்குத்தான் ஒருவர் எனக்குச் சொன்னார். பாதைக்கு மேலே 25,000 வோல்ட் கம்பி போகிறது. பாலத்தின் அடி தண்டவாளத்துக்கு மேலே ஆறு மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பாலத்தின் கனத்தையும் சேர்த்தால் நாற்பதுக்கு மேல் படி. ஈரத்தில், மீன் வெள்ளம் கழுத்தில் வடிய, நாற்பது படி.

அப்படியானால் அடியில் சப்வே போடலாம் என்று இன்ஜினியர் சொன்னார். எங்கள் லேபில் வேலை பார்த்த அண்ணனும் நானும் பின்கேட் பக்கம் ஆகர் என்கிற மண் துளைக்கும் திருகை வைத்துத் துளை போட்டுப் பார்த்தோம். ஐப்பசி மழை முடிந்திருந்த நேரம். மேலே செம்மண், அதன் கீழே வெட்டுக்கல், ஒரு ஆள் ஆழத்துக்கு முன்பே ஆகரின் நுனி நனைந்து வந்தது. மறுநாள் காலையில் துளையில் முக்கால்வாசி வெள்ளம் நின்றது. சப்வேயின் தரை அதைவிடக் கீழே இருக்கும். ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை என்று இரண்டு மழையும் வாங்கும் மாவட்டம் இது. மோட்டார் வைத்து இறைக்கலாம்தான். மழை கொட்டுகிற அன்றைக்குத்தான் கரண்டும் போகும். "இதுல மீனு வேணும்னா வளக்கலாம் சாரே" என்றார் அண்ணன்.

பாதையோரமாகவே வடக்கே நடந்தோம். இருநூறு மீட்டர் போனால் தண்டவாளம் மேட்டை வெட்டிக்கொண்டு உள்ளே நுழைகிறது. வெட்டின் விளிம்பில் நின்று டேப்பை இறக்கிப் பார்த்தோம். தண்டவாளம் வரை எட்டு மீட்டர் ஆழம். இரண்டு கரையும் ஒரே மட்டம். அங்கே ஒரு பாலத்தைத் தூக்கி வைத்தால் படியே வேண்டாம். தரையில் நடந்து வந்து, தரையில் நடந்து போய்விடலாம், வெள்ளமும் நிற்காது. இந்த மாவட்டத்தில் ரயில் பல இடங்களில் வெட்டுகளுக்குள்தான் போகிறது, அதன்மேல் ஊர்ச் சாலைகள் தரை மட்டத்தில் கடப்பதை நாம் தினமும் பார்க்கிறோம். ஆனாலும் வெட்டை ஒரு தடங்கலாகவே நான் நினைத்திருந்தேன், வழியாக நினைக்கவில்லை.

அதோடு கோடும் முடிவாகிவிட்டது. சிவப்புக் கோடு மேட்டின் விலாவில் வெளியே வந்துவிடும். அங்கே ஆழம் போதாது, மட்டமான பாலம் போட முடியாது. வெட்டு வழியாகப் போவது நீலமும் பச்சையும்தான். நீலம் ஒர்க்‌ஷாப்பையும் கிணற்றையும் எடுக்கும், இயற்பியல் லேபுக்கும் கிட்டே வரும். பச்சைதான் மிச்சம். கடக்கிற இடத்தை முதலில் குறித்திருந்தால் முதல் கூட்டத்திலேயே இங்கே வந்து சேர்ந்திருப்போம்.

அடுத்த கூட்டத்தில் நானே எழுந்து, சிவப்புக் கோட்டுக்காகப் பேசியதை மாற்றிக்கொள்கிறேன் என்றேன். வேகம் போகிறதே என்று இன்ஜினியர் கேட்டார். முன்னாலும் பின்னாலும் இதே மாதிரி வளைவுகள் இருக்கும்போது நடுவில் ஒன்றை மட்டும் நிமிர்த்தி வண்டி எத்தனை நொடி மிச்சம் பிடிக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். ஜனங்கள் இருநூறு மீட்டர் சுற்றி நடப்பார்களா என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. தண்டவாள ஓரம் வேலி வேண்டும், பாலத்துக்குப் போகும் பாதையில் விளக்கு வேண்டும், மழையில் வழுக்காத தரை வேண்டும், இல்லாவிட்டால் நடக்க மாட்டார்கள் என்றேன். அவர் பேனாவை எடுத்து, பச்சைக் கோட்டுக்குக் குறுக்கே இரண்டு சின்னக் கோடு போட்டு 'நடைபாலம்' என்று எழுதினார்.

அந்த அறையில் இழந்தவர் உடற்கல்வி ஆசிரியர். கீற்றுதான் போகிறது என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். அந்தக் கீற்று போனால் 400 மீட்டர் ஓடுதளம் மைதானத்துக்குள் அடங்காது. அவர் சண்டை போடவில்லை. இரண்டு நாள் கழித்து என் அறைக்கு வந்து, "மிச்ச இடத்துல 200 மீட்டராவது வருமான்னு அளந்து சொல்லுங்க சார்" என்றார். அளந்தோம். வந்தது. சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டியபோது அவர் அயனி மரங்களின் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். மாவட்ட அளவில் ஓடிய பிள்ளைகள் அந்த நிழலில்தான் ஸ்பைக் கட்டுவார்கள். அதற்கு என்னிடம் ஈடு எதுவும் இல்லை.

2021 நவம்பர் மழையில் நாகர்கோவில் – திருவனந்தபுரம் பாதையில் மண் சரிந்து ரயில்கள் நின்றபோது நான் ஓய்வு பெற்றிருந்தேன். எங்கள் வெட்டிலும் கிழக்குக் கரை ஒரு பாகம் இடிந்திருந்தது. பாலத்தின் கால் விளிம்பிலிருந்து இன்னும் நாலு மீட்டர் பின்னால் போக வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். பாலம் நீளும், செலவு கூடும். கூடட்டும்.

இப்போது மிச்சம் இருப்பது மூன்று சென்ட். பாலம் கிழக்கே இறங்குகிற இடத்திலிருந்து ஊர்ப் பாதையைத் தொட ஒரு விளையின் ஓரத்தில் அந்த மூன்று சென்ட் வேண்டும். வீட்டில் இருக்கும் தம்பி சம்மதிக்கிறார், பத்திரம் வளைகுடாவில் வேலை பார்க்கும் அண்ணன் பெயரில். தாலுகா ஆபீசில் பழைய அளவுப் படத்தின் நகல் வாங்கினேன். கல்லூரி வருவதற்கு முன்பே அந்த விளையின் ஓரமாக ஒரு வண்டிப்பாதை புள்ளிக் கோடாகப் போகிறது. அண்ணன் கிறிஸ்மஸுக்கு ஊருக்கு வருகிறாராம். நகலையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு போய்ப் பேச வேண்டும்.