அங்கை

சுவிட்சர்லாந்தின் பேர்ண் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் நாள். காலை ஏழரை மணி. பாண் தட்டோடு நான் ஒரு மேசையருகே நிற்கிறேன். தொண்ணூறு வயதை எட்டிய ஓர் அம்மா என்னை நிமிர்ந்து பார்த்து "அங்கெ, அங்கெ" என்றார். தட்டை மேசையின் அந்தப் பக்கம் நகர்த்தினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் "அங்கெ" என்றார். இன்னும் தள்ளி வைத்தேன். பாண் அவர் கைக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. கூட வேலை செய்யும் பெண் வந்து ஒரு சின்னப் பட்டர் கட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தபோதுதான் விளங்கியது. பேர்ண்காரருக்கு 'அங்கெ' என்றால் பட்டர்.

பி1 என்ற இடைநிலை மொழிச் சோதனையில் தேறி அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. இரண்டு வருடம், பிள்ளையைப் படுக்க வைத்துவிட்டு இரவில் விழித்திருந்து படித்த டொச், அதாவது ஜெர்மன். அதில் பட்டருக்குப் பட்டர்தான். அன்று பின்னேரம் பஸ்ஸில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. டொச் விளங்கவில்லை என்பதற்காக இல்லை. அந்தச் சொல் என் காதில் விழுந்த விதம் அப்படி. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரில் அங்கே என்று யாரும் சொல்வதில்லை, அங்கை என்போம். இங்கே வந்த பிறகு அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான் மிஞ்சியது. அங்கை மழையோ, அங்கைக்குக் காசு அனுப்பியாச்சோ, அங்கை ஆர் செத்தது. அங்கை என்றால் ஊர்.

சுவிஸில் டொச் படிப்பவர்கள் எல்லோருக்கும் இது நடக்கும். வகுப்பில் படிப்பது எழுத்து டொச். தெருவில், கடையில், ஆஸ்பத்திரியில் கேட்பது வேறு. 'மில்ஹ்' என்று படித்த பால் பேர்ணில் 'மியுஹ்'. எங்களுடைய பழம் பளமாகிறது போல, இவர்கள் வாயில் பல இடங்களில் 'ல்' கரைந்து 'உ' ஆகிவிடுகிறது. சூரிச் பக்கம் போனால் வணக்கமே மாறிவிடும். இங்கே 'குரூஎசெஹ்', அங்கே 'குரூஎட்சி'. தொலைக்காட்சியில் செய்தி எழுத்து டொச்சில் வரும், அடுத்து வானிலை சொல்ல வருகிறவர் ஊர்ப் பேச்சில் சொல்வார். ஒரு மொழி இப்படி மேல்தட்டு கீழ்த்தட்டாக நிற்பதைப் பற்றி 1959-ல் சார்ல்ஸ் பெர்குசன் என்ற அமெரிக்க மொழியியலாளர் எழுதியபோது, எடுத்துக்கொண்ட நான்கு முதன்மை உதாரணங்களில் சுவிஸ் டொச்சும் ஒன்று. தமிழருக்கு இதைப் போய் விளங்கப்படுத்தத் தேவையில்லை. சந்தையில் மீன்காரியிடம் "இம்மீனின் விலை யாது" என்று நாம் கேட்பதில்லையே.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. இவர்கள் பேச்சு மொழியைக் கீழே வைப்பதில்லை. டாக்டரும் அதையே பேசுகிறார், குப்பை அள்ளுகிறவரும் அதையே பேசுகிறார். 2011-ல் சூரிச் மாநிலத்தில் பாலர் பள்ளியில் பிள்ளைகளோடு ஊர்ப் பேச்சில்தான் பேச வேண்டும் என்று மக்கள் வாக்குப் போட்டே முடிவு செய்தார்கள். யாழ்ப்பாணத்துத் தமிழை நான் சென்னையில் இருந்த நான்கு மாதமும் அடக்கியே வைத்திருந்தேன். 'கதைக்கிறது' என்று வாய்க்கு வந்ததை விழுங்கிப் 'பேசுறது' என்றேன். அதை நினைத்தால் இப்போதும் மனம் பொறுக்கவில்லை.

என் கணவருக்கு வேலை பீல் நகரில். அங்கே தெருப் பெயர்ப் பலகையில் டொச்சும் பிரெஞ்சும் சேர்ந்தே இருக்கும். கடையில் முதலில் வாய் திறக்கிறவர் எந்த மொழியில் தொடங்குகிறாரோ, மற்றவரும் அதில் பதில் சொல்வது அந்த ஊர் வழக்கம். மனுஷன் வந்த புதிதில் இரண்டும் தெரியாமல் சிரிப்பாலேயே ஒரு வருடம் ஓட்டினார். இப்போது இரண்டிலும் பேரம் பேசுகிறார்.

சரி, பட்டரில் தொடங்கி நான் சொல்ல வந்தது பத்து பிராங்க் நோட்டைப் பற்றி. முதல் சம்பளத்தில் வந்த நோட்டு ஒன்றை வீட்டு மேசையில் வைத்துப் பார்த்தேன். தேசிய வங்கியின் பெயர் நான்கு மொழியில் இருந்தது. டொச், பிரெஞ்சு, இத்தாலியன், நான்காவது ரொமான்ஷ். கிரவ்புண்டன் மாநிலத்து மலைப் பள்ளத்தாக்குகளில் பேசும் மொழி அது. அதை முதன்மை மொழியாகப் பேசுகிறவர்கள் நாட்டில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 1938-ல் அதைத் தேசிய மொழி ஆக்கலாமா என்று வாக்கெடுப்பு நடத்தினார்கள். அது தனி மொழியே இல்லை, இத்தாலியனின் ஒரு கிளைதான் என்று முசோலினியின் இத்தாலியில் உரிமை கொண்டாடிக்கொண்டிருந்த காலம். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஆம் என்று போட்டார்கள். (அன்று வாக்குப் போட்டது ஆண்கள் மட்டும். பெண்களுக்கு நாடு தழுவிய வாக்குரிமை 1971-ல்தான் வந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.) ஆம் என்றவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு அந்த மொழியில் ஒரு சொல்லும் தெரிந்திருக்காது. தங்களுக்குத் தெரியாத மொழிக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள்.

பதினெட்டு வருடம் கழித்து, 1956-ல், எங்கள் நாட்டில் சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்தது.

நோட்டில் எழுதிவிட்டால் போதுமா என்றால், போதாது. எங்கள் ரூபாய் நோட்டிலும் தமிழ் இருக்கிறது. 1987-ல் தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பிலேயே எழுதிவிட்டார்கள். நான் உயர்தரம் படித்தது அதற்கும் பல வருடம் பின்னால். அப்போது அப்பாவின் ஓய்வூதியம் சம்பந்தமாகக் கொழும்பில் ஓர் அலுவலகத்தில் இருந்து கடிதம் வந்தது. முழுக்கச் சிங்களம். அப்பா முப்பது வருடம் பிள்ளைகளுக்குத் தமிழ் இலக்கணம் படிப்பித்தவர். அந்தக் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். சைக்கிளில் இரண்டு மைல். அனுராதபுரத்தில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு ஐயாவுக்கு மட்டும்தான் சிங்களம் வாசிக்கத் தெரியும். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து வந்து வாசிக்கும்வரை அப்பா திண்ணையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். தன்னுடைய காசு எவ்வளவு என்பதை இன்னொருவர் வாயால் கேட்க வேண்டி வந்தது. வரும் வழியில் அப்பா ஒரு சொல்லும் கதைக்கவில்லை. நான் பின்னால் கரியரில் இருந்தேன்.

இங்கே எனக்குத் தமிழில் யாரும் கடிதம் போடுவதில்லை. நாங்கள் நேற்று வந்தவர்கள், நான் அதை எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் ஒரு ரொமான்ஷ் கிழவர் மத்திய அரசுக்குத் தன் மொழியில் கடிதம் எழுதினால் அதே மொழியில் பதில் வரும் என்று மகள் பாடப் புத்தகத்தில் பார்த்துச் சொன்னபோது, எனக்கு அந்தத் திண்ணைதான் ஞாபகம் வந்தது.

மகளுக்கு இங்கே புதன்கிழமை பின்னேரம் பள்ளிக்கூடம் இல்லை. அந்த நேரம் தமிழ்ப் பள்ளிக்கூடம் போவாள். ஒருநாள் கொப்பியில் 'அங்கை' என்று எழுதியதை ஆசிரியை வெட்டி 'அங்கே' என்று திருத்தியிருந்தார். பிள்ளை அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்கு அது பெரிய விஷயமே இல்லை.

"வகுப்பிலை எழுத்து டொச், முற்றத்திலை பேர்ண்டொச். அதே மாதிரித்தானே அம்மா? கொப்பிக்கு அங்கே, அம்மம்மாவுக்கு அங்கை."

அந்த அம்மாவுக்கு இப்போது நான்தான் காலைச் சாப்பாடு கொடுக்கிறேன். அவர் கேட்கும் முன்னமே அங்கெ தட்டில் இருக்கும். பழகிவிட்டது, இனி இதுதான் நம் ஊர் என்று போன கிழமைகூடச் சிநேகிதி ஒருத்தியிடம் உறுதியாகச் சொன்னேன். அன்றிரவு அம்மா போன் எடுத்தார். எங்கள் வளவில் முருங்கை காய்த்துத் தொங்குகிறதாம், பறிக்க ஆளில்லையாம். எனக்கு அந்த முருங்கையின் பிசின் வாசம்வரை வந்துவிட்டது. அப்புறம் அம்மா கேட்டார், "அங்கை சரியான குளிரோ பிள்ளை?"

அம்மாவுக்கு அங்கை என்றால் பேர்ண்.

"ஓம் அம்மா," என்றேன், "இங்கை ஸ்னோ கொட்டுது."