"வயிறு எரியுது": எந்தக் குறியீடு போடுவது?

எங்கள் ஊர் சின்ன ஆஸ்பத்திரி ஒன்றின் நோயாளிக் குறிப்புகளை ஆபா (ABHA) என்ற அரசின் மருத்துவக் கணக்கு எண்ணோடு இணைத்துத் தரும் வேலை போன வருடம் என்னிடம் வந்தது. நோயாளிக்கு 14 இலக்க எண்ணை உருவாக்கும் முதல் கட்டம் ஒரு வாரத்தில் முடிந்துவிட்டது. நோயாளி சம்மதித்தால் அவருடைய குறிப்புகளை வேறு ஆஸ்பத்திரிக்குப் புரியும்படி அனுப்ப வேண்டும், அது இரண்டாம் கட்டம். அதில்தான் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தேன்.

சர்க்கரை நோயை ஒரு டாக்டர் 'டி.எம்' என்று எழுதுவார், இன்னொருவர் 'சுகர்' என்பார். மனிதருக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. அதற்காகத்தான் ஒவ்வொரு நோய்க்கும் அறிகுறிக்கும் ஓர் எண் கொடுக்கும் ஸ்னோமெட் சி.டி. (SNOMED CT) என்ற சர்வதேசக் குறியீட்டுத் தொகுப்பு இருக்கிறது. இந்தியா 2014-லேயே அதில் உறுப்பினராகிவிட்டதால் நமக்குக் கட்டணம் இல்லை. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்கு அதில் 44054006 என்று ஓர் எண். பொதுவான சர்க்கரை நோய் 73211009. முன்னது பின்னதின் ஒரு வகை என்ற உறவும் உள்ளேயே பதிந்திருக்கும். அதனால் சர்க்கரைக்காரர்கள் எல்லோரையும் கேட்டால் இவர்களும் சேர்ந்தே வருவார்கள்.

தமிழ் வார்த்தைகளுக்கு நானே ஒரு பட்டியல் போட்டேன். 'படபடப்பு' என்றால் 80313002. 'வயிறு எரியுது' என்றால் நெஞ்செரிச்சல், 16331000. சரி, ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று அந்தப் பட்டியலின்படி குறியீடு போட்ட நோயாளிக் குறிப்புகளில் 200 வரிகளை அச்செடுத்துக்கொண்டு மூத்த நர்ஸ் அக்காவிடம் போனேன். பேனாவால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றுவிட்டார்.

"தம்பி, இந்தம்மாவுக்கு நெஞ்செரிச்சல்னு போட்டிருக்கியே. இவங்க பையன் ஆக்சிடென்ட்ல போயிட்டான். 'பெத்த வயிறு எரியுது சிஸ்டர்'னு என் கையைப் பிடிச்சிக்கிட்டுச் சொன்னாங்க."

கேஸ் ஷீட்டை எடுத்துப் பார்த்தோம். மூன்று தடவை வந்திருக்கிறார். மூன்று தடவையும் அல்சர் மாத்திரைதான் எழுதியிருந்தது. என் பட்டியல் அந்தத் தவறுக்கு ஓர் எண்ணையும் கொடுத்து உறுதியாக்கியிருந்தது. அது அப்படியே வெளியே போயிருந்தால், அடுத்த ஆஸ்பத்திரியிலும் யாரும் அந்தத் தாயிடம் மகனைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டார்கள். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

உணர்ச்சியைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றையும் ஓட்டிப் பார்த்தேன். சொல்லுக்குச் சொல் மதிப்பெண் போடும் வகை. 'ஊரே சிரிப்பா சிரிக்குது' என்பதை அது மகிழ்ச்சிக் கணக்கில் எழுதியது. எல்லாவற்றையும் மனக்கஷ்டம் என்று தள்ளவும் முடியாது. 'நெஞ்சு அடைக்குது' என்பவருக்கு நிஜமாகவே மாரடைப்பாக இருக்கலாம், முதலில் ஈசிஜிதான் எடுக்க வேண்டும்.

கடைசியில் வழி தரவு வடிவத்துக்குள்ளேயே இருந்தது. ஆஸ்பத்திரிகள் குறிப்புகளைப் பரிமாறிக்கொள்ளும் ஃபயர் (FHIR) என்ற வடிவத்தில் நோயின் பெயருக்கு இரண்டு இடம் உண்டு: ஒன்று குறியீட்டுக்கு, இன்னொன்று சொன்ன வார்த்தைக்கு. இரண்டாவதை நான் இத்தனை நாளும் காலியாக விட்டிருந்தேன். இப்போது நோயாளி சொன்னது அப்படியே அங்கே போகிறது. சந்தேகம் இருந்தால் குறியீட்டோடு 'உறுதிப்படுத்தப்படாதது' என்று பதிகிறோம்.

அந்த அம்மா அடுத்த முறை வந்தபோது, டாக்டரிடம் சொல்லிவிட்டு, நர்ஸ் அக்கா மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 (PHQ-9) கேள்விகளைக் கேட்டார். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிய ஒன்பது கேள்விகள், மொத்தம் 27 மதிப்பெண். 10-ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டும். அவருக்கு 17 வந்தது.

இதை யாருக்குக் காட்டுவது? சம்மதத்தில் எந்த வகைக் குறிப்பு, எந்தத் தேதி வரை என்றெல்லாம் நோயாளி தேர்ந்தெடுக்கலாம், பிறகு திரும்பவும் பெறலாம். ஆனால் மனம் சம்பந்தப்பட்டதற்குத் தனி வகை கிடையாது, புறநோயாளிக் குறிப்போடு சேர்ந்தே போய்விடும். சம்மதத்துக்கான ஓ.டி.பி.யோ மருமகன் போனுக்கு வருகிறது. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு ரகசியம் காப்பதை அவருடைய உரிமை என்கிறது. நர்ஸ் அக்கா அவரைத் தனியாக உட்காரவைத்து விவரம் சொன்னார்.

"பெரியாஸ்பத்திரி டாக்டர் பாக்கட்டும். மருமகன் பாக்க வேணாம்" என்றார் அந்த அம்மா.

அந்த மதிப்பெண்ணைத் தனிக் குறிப்பாகப் பிரித்து, இணைக்காமல் வைத்தோம். அவர் பெரியாஸ்பத்திரிக்குப் போன அன்று அதைத் தாளில் அச்செடுத்து மடித்து, கையில் கொடுத்தனுப்பினோம்.

சனிக்கிழமை மதியம் ஓ.பி. முடிந்ததும் நானும் அக்காவும் அச்செடுத்த தாள்களோடு உட்காருகிறோம். இன்னும் 1,100 வரி பாக்கி.