ஒமேகா என்னும் கிளை

டிசம்பர் 4, லூயிவில், அமெரிக்கா

பக்கத்து வீட்டுப் பெரியவர் காலையிலேயே கறுப்புக் கோட்டும் பொன்னிற டையுமாகக் கிளம்பிவிட்டார். ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா என்ற கல்லூரிச் சகோதரச் சங்கத்தின் நிறுவன நாள். 1906-ல் இதே நாளில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஏழு கறுப்பின மாணவர்கள் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு, அங்கே படித்த கறுப்பின மாணவர்கள் ஆறு பேர் படிப்பைத் தொடரத் திரும்பி வரவேயில்லை. தங்கள் படிப்பும் அப்படி நின்றுவிடுமோ என்ற அச்சத்தில் பிறந்த படிப்பு வட்டம்தான் சங்கமாக வளர்ந்தது. அந்த ஏழு பேரை இன்றும் ரத்தினங்கள் என்கிறார்கள். அவர்களில் வெர்ட்னர் டேண்டி எங்கள் கென்டக்கி மாநிலத்தவர் என்று சொல்லும்போது பெரியவரின் குரலே மாறுகிறது.

டிசம்பர் 7

"பட்டம் வாங்கிய பிறகும் சங்கம் எதற்கு?" என்று கேட்டுவிட்டேன். "கல்லூரியில் நான்கு ஆண்டுதான் அப்பா, வாழ்க்கை அதற்குப் பிறகுதானே" என்றார். பட்டதாரிகளுக்கென முதல் கிளையான ஆல்ஃபா லாம்ப்டா 1911-ல் இந்த லூயிவில்லில்தான் அமைந்தது. கையில் பட்டம் இருந்தும் கறுப்பினத்தவருக்குப் பல கதவுகள் மூடியிருந்த காலம். 1930-களில், "வாக்கில்லாத மக்கள் நம்பிக்கையில்லாத மக்கள்" என்ற முழக்கத்தோடு வாக்காளர் பதிவுக்காக ஊர் ஊராக உழைத்திருக்கிறார்கள்.

மார்ட்டின் லூதர் கிங்கும் இவர்களில் ஒருவர். 1952-ல் பாஸ்டனில் சேர்ந்தவர். வாஷிங்டனில் அவருக்கு நினைவகம் வேண்டும் என்று 1984-ல் முன்மொழிந்ததும் இச்சங்கமே. திறந்தது 2011-ல். இருபத்தேழு ஆண்டு விடாமல் நின்றிருக்கிறார்கள்! இந்தப் பிடிவாதத்தை நான் வணங்குகிறேன்.

டிசம்பர் 11

மழை. பெரியவரைப் பார்க்கவில்லை.

டிசம்பர் 15

அவருடைய நண்பர் இறந்துவிட்டார். கிளைகளுக்குக் கிரேக்க எழுத்துகளில் பெயர் வைப்பவர்கள், கடைசி எழுத்தான ஒமேகாவை மட்டும் உயிரோடிருப்பவர்களின் எந்தக் கிளைக்கும் தருவதில்லை. மறைந்த சகோதரர்கள் எல்லோரும் சேரும் கிளை அது. செத்துப்போனார் என்று அவர்கள் சொல்வதில்லை. ஒமேகாவுக்குப் போய்விட்டார் என்கிறார்கள்.

இறுதிச் சடங்குக்கு நான்தான் கார் ஓட்டினேன். எண்பது வயதுக்காரர்களும் இருபது வயதுப் பையன்களும் ஒரே வரிசையில் நின்றார்கள். எல்லோரும் எல்லோருக்கும் 'பிரதர்'தான்.

திரும்பியதும் பெரியவர் சந்தாக் குறிப்பேட்டைத் திறந்தார். கிளையின் பொருளாளர் அவர். நண்பர் அடுத்த ஆண்டுக்கும் சேர்த்து முன்பே பணம் கட்டியிருந்தார். வெகுநேரம் அந்த வரியையே பார்த்தார். பெயரை அடிக்கவில்லை, அதற்கு நேரே ஒமேகா என்று எழுதிவிட்டு மூடினார்.