கியோத்தோவில் பூனை முகப் புலிகள்

கியோத்தோ நகரப் பேருந்தைப் பற்றித் திட்டிவிட்டுத்தான் மற்றதெல்லாம். 230 யென் கொடுத்து, யாரோ ஒருவரின் சூட்கேஸ் முழங்காலில் இடிக்க இடிக்க நிஷிகி சந்தை போய்ச் சேர்ந்தேன். அங்கே குச்சியில் குத்திய ஒரு குட்டி ஆக்டோபஸுக்குச் சொன்ன விலையில் வேறு தெருவில் ஒரு வேளைச் சாப்பாடே முடிந்திருக்கும். ருசி என்னவோ பிரமாதம்தான்.

நான் போனது இத்தோ ஜகுச்சூ (1716–1800) என்ற ஜப்பானிய ஓவியருக்காக. இதே சந்தையில் காய்கறி மொத்த வியாபாரம் செய்த குடும்பத்துப் பிள்ளை. முற்றத்தில் கோழி வளர்த்து, அவற்றைப் பார்த்துப் பார்த்து வரைந்தவர். பட்டில் வரைந்த அவருடைய 30 தொங்கு சுருள் ஓவியங்கள் ஷோகொகுஜி கோயிலில் இருந்தன. 1889இல் அரச குடும்பத்துக்குப் போய்விட்டன. சேவல் இறகு மினுங்குவதற்காகப் பட்டின் பின்பக்கத்திலும் வண்ணம் பூசியிருக்கிறார் மனிதர்!

வெளிச்சம் பட்டால் நிறம் மங்கும் என்பதால் இந்தச் சுருள்களைச் சில வாரம் மாட்டிவிட்டு மறுபடி பெட்டியில் வைத்துவிடுவார்கள். நியாயம்தான். ஆனால் ஒரு அருங்காட்சியகத்தில், வாசலில் சேவல் போஸ்டரை ஒட்டிவிட்டு, டிக்கெட் கிழித்த பிறகு ‘சேவல் இப்போது உள்ளே இல்லை’ என்றார்கள். பணம் போனதுதான் மிச்சம். சாயங்காலம் நிஷிகியில் கடைகளை மூடியதும் ஷட்டர்களில் ஜகுச்சூவின் கோழிகள் வரிசையாக வந்து நின்றன. காசே கேட்கவில்லை.

உண்மையான கொண்டாட்டம் தோஜி கோயிலில். மாதாமாதம் 21ஆம் தேதி வளாகம் முழுக்கச் சந்தை. பழைய சுருள்களைக் கொடியில் துணி காயப்போட்ட மாதிரி தொங்கவிட்டிருந்தார்கள்: குரங்கு, கெண்டை மீன், கொக்கு, எங்கு பார்த்தாலும் புலி. ஜப்பானில் காட்டுப் புலி கிடையாது. அந்தக் கால ஓவியர்கள் இறக்குமதியான தோலையும், சீன ஓவியங்களையும், வீட்டுப் பூனையையும் வைத்துச் சமாளித்தார்கள். அதனால் உடம்பெல்லாம் முரட்டு வரி, முகம் மட்டும் பால் கேட்கும் முகம். எனக்கு அதுதான் பிடித்தது, அசல் புலியைவிட.

ஒரு குரங்குச் சுருளுக்குக் கடைக்காரர் 6,000 யென் சொன்னார். கைப்பேசிக் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தேன். ரோமம் ஒவ்வொன்றும் தனித்தனித் தூரிகைக் கோடு, தொடக்கத்தில் தடித்து நுனியில் மெலிகிறது. பக்கத்தில் இருந்த புலியிலோ பொடிப் புள்ளிகள், அதாவது அச்சு. நீங்களும் இப்படிப் பார்த்தே வாங்குங்கள். பேசிப் பேசி 4,500க்கு முடித்தேன். ராத்திரிச் சாப்பாடு கடையில் வாங்கிய ஓனிகிரி, அதாவது சோற்று உருண்டைதான்.

21ஆம் தேதியைத் தவறவிட்டால் 25ஆம் தேதி கிதானோ தென்மாங்கூ கோயிலிலும் இதே போல் சந்தை உண்டு. தோஜிக்குப் பஸ் வேண்டவே வேண்டாம், கியோத்தோ ரயில் நிலையத்திலிருந்து கால் மணி நேர நடைதான்.